எப்சிபா டாக்டரும் நான் போகாத வீடும்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டு முன்னால் இருந்தது, சட்னி இன்னும் வரவில்லை. எங்கள் மருத்துவமனைப் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: எப்சிபா டாக்டர் காலமானார், மாரடைப்பு. நான் படித்து முடிப்பதற்குள் கைகூப்பும் பொம்மைகள் இருபது வந்து விழுந்துவிட்டன. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தம்மாவுக்கு நாலு வார்த்தை எழுத ஒருத்தனுக்கும் கை வரலையா?" என்று வீட்டில் கத்தினேன். "நீங்க எழுத வேண்டியதுதானே" என்றாள் மனைவி. எழுதுகிறேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சாத்தான்குளத்துக்காரர், மயக்க மருந்து நிபுணர். தூத்துக்குடியில் நான் கத்தி பிடித்த பதினெட்டு வருடமும் நோயாளியின் தலைமாட்டில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். மயக்க ஊசியைத் தூக்க ஊசி என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "தூக்கம்னா தட்டினா முழிக்கணும்லா? இது அப்படியா?" என்பார். ஒரு மருந்து நினைவை அணைக்கிறது, ஒன்று வலியைத் தடுக்கிறது, இன்னொன்று தசைகளை மொத்தமாகத் தளர்த்திவிடுகிறது. அந்த மூன்றாவது மருந்து உள்ளே போனால் நோயாளியால் கண் இமையைக்கூட அசைக்க முடியாது. மூச்சையே இயந்திரம்தான் விட வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு மதியம் சூசையைக் கொண்டுவந்தார்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். படகில் ஏறும்போது அலை தூக்கி அடித்து, படகின் விளிம்பு வயிற்றில் மோதி மண்ணீரல் கிழிந்திருந்தது. வயிறு முழுக்க ரத்தம். அந்த நிலையில் நினைவை அணைக்கும் மருந்தை முழு அளவில் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடுவார். எப்சிபா டாக்டர் அதைக் குறைத்துத்தான் கொடுத்தார், வேறு வழியில்லை. எனக்கோ எரிச்சல். ரத்தம் நிற்க மாட்டேன் என்றது. "தண்ணியப் போட்டுட்டுக் கடல்ல இறங்குனா இப்படித்தான். இது தேறாது, வெளிய பொண்டாட்டிட்ட சொல்லிருங்க" என்றேன். "வாய மூடுங்க சார்" என்றார் அவர். அப்படி அவர் யாரையும் பேசி நான் கேட்டதில்லை.

சூசை தேறிவிட்டார். மறுநாள் தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் எப்சிபா டாக்டரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, நான் குடிக்கல. மாதா சத்தியமா குடிக்கல." தண்ணீர் கேட்கவில்லை, பெண்டாட்டியைக் கேட்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் கேட்டுச்சும்மா. கடலுக்கடியில மூச்சு முட்டுனா இடுப்புக் கயித்த இழுப்போம், மேல நிக்கிறவன் தூக்கிருவான். நானும் இழுத்து இழுத்துப் பாத்தேன். கை வரல. ஒருத்தரும் தூக்கல."

எப்சிபா டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்று, "மயக்கத்துல வந்த கனவுப்பா, உளறாத" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

சூசை வீடு திரும்பிய வாரம் எப்சிபா டாக்டர் என் அறைக்கு வந்தார். "சூசை வீட்டுக்குப் போறேன். மன்னிப்புக் கேக்கணும். நீங்களும் வாங்க."

"டாக்டர் போய் நோயாளிகிட்ட மன்னிப்புக் கேக்கவா? உயிரக் காப்பாத்திருக்கோம். நாளைக்கு வழக்குப் போட்டா யார் பதில் சொல்லுவா?"

"மயங்கினவங்க எங்கயும் போயிரல சார், இங்கதான் படுத்திருக்காவ. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனார்.

அதற்குப் பிறகு ரத்தம் இழந்த நோயாளி என்றால் அவர் ஒரு வேலை செய்வார். தசை தளர்த்தும் மருந்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு கையில் மட்டும் பட்டையை இறுக்கிவிடுவார். மருந்து அந்தக் கைக்குப் போகாது, அது மட்டும் அசையும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்து, "கேக்குதா? கேட்டா என் விரல அமுக்குங்க" என்பார். "ஜெபக்கூட்டம் முடிஞ்சாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்று நான் கிண்டலடிப்பேன். ஒருநாள் ஆலந்தலையிலிருந்து வந்த ஒரு பெண் விரலை அமுக்கினார். "கத்தியக் கீழ வைங்க சார்!" என்று ஒரு அதட்டல். நினைவை அணைக்கும் மருந்தைக் கூட்டிவிட்டுத்தான் என்னைத் தொட விட்டார். கண் விழித்த அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே நினைவில்லை. அன்றோடு என் கிண்டல் நின்றது. ஆனாலும் சூசை வீட்டுக்கு நான் போகவில்லை. நாளாக ஆக, போவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டச் சுவரோரம் வேட்டி கட்டிய ஒருவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தாலும் ஆளைத் தெரிந்தது. பக்கத்தில் போனேன்.

"சூசை, அன்னைக்கு ஒங்கள அப்படிப் பேசினது நான்தான். மன்னிச்சிருங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார். அந்தம்மா ஒங்களக் காட்டிக் குடுக்கல. எனக்குக் கொரல் மறக்குமா? வருசா வருசம் வீட்டுக்கு வருவாவ. 'டாக்டர் கோவக்காரரு சூசை, ஆனா ஒருநாள் வருவாரு, பாருங்க' அப்படின்னு எம் பொண்டாட்டிட்டயும் சொல்லுவாவ. நாந்தான் நம்பல."

ஒன்பது வருடம்! எப்சிபா டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒருநாளும் இடித்துக் காட்டவில்லை. நானே என்மேல் வைக்காத நம்பிக்கையை அவர் வைத்திருந்தார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். புதன்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார் சூசை. அவர் மனைவியிடமும் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.