ஓ பாசிட்டிவ் ஏழுமலை

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது அண்ணி போன் செய்தார். "மோசம் போய்ட்டோம் தம்பி" என்றார். அண்ணன் இறந்துவிட்டார் என்று அதிலேயே புரிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில் ஏழுமலை அண்ணனோடு ஷிப்ட் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அவர் தம்பி. அவருக்கு ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் கொடுத்தவன்.

ரத்தப் புற்றுநோய்க்கு அந்தச் சிகிச்சை நடந்த பிறகு அண்ணனின் ரத்த வகையே மாறிவிட்டது. பி பாசிட்டிவாக இருந்தவர் என்னைப் போல ஓ பாசிட்டிவ் ஆனார். கம்பெனி அடையாள அட்டையில் பழையதைப் பேனாவால் அடித்துப் புதியதை எழுதி, என்னையும் இழுத்துக்கொண்டு உங்கள் கேன்டீனுக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? "இனிமே நான் சண்ட போட்டா இவனப் போய் கேளுங்க. ரத்தம் இவனுது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோய் திரும்பி வந்தது. ஆர்.கே.பேட்டை அத்தை ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்து, அண்ணன் எதிரிலேயே என்னிடம், "கூடப் பொறந்தவன் ரத்தமே தாங்கலியாமே?" என்று கேட்டார். பாவம், வருத்தத்தில்தான் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் விளக்கியும் என் மனம் ஆறவில்லை. அண்ணன்தான் அதைத் தன் பாணியில் சொன்னார். "நம்ம கம்பெனி மாரிதான்டா. எலும்புக்குள்ள தாய் செல்லு தூங்கிக்கினு கீது. ஒடம்பு ஆர்டர் போட்டா எயுந்து ரத்தம் பண்ணும், போதும்னா நிறுத்திடும். நோய் புடிச்ச செல்லு ஆர்டரே கேக்காம ஓட்டும். ஆனா அதுலயும் சிலது அதே எடத்துல கம்முனு பட்த்துக்கினு தூங்கும். வேல செய்றவனத்தான் மருந்து புடிக்கும், தூங்குறவன வுட்டுடும். அது எப்ப முழிக்கும்னு யாருக்குத் தெரியும்? உன் ஆளுங்க ஒயுங்காத்தான் வேல செஞ்சாங்க."

அத்துடன் நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. போகும்போதெல்லாம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ண்ணா, நெஜமாவே என்னுதுல கொற இல்லியா?" என்று அதையே கேட்டேன். அவரும் சலிக்காமல் சமாதானம் சொல்வார். சாகக் கிடந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பாதிக் கேள்வியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனுக்கு வெக்கமா கீது. எனுக்கு வலிக்குதுடா நைனா. கால கொஞ்சம் அமுக்கி வுடு."

எலும்புக்குள் வலி. எத்தனை நாளாக என்று கேட்டேன். நோய் திரும்பி வந்ததிலிருந்தே என்றார். அண்ணிக்குத் தெரிந்திருந்தது, நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவர் உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் தூங்கும்வரை அமுக்கினேன். முழங்காலுக்குக் கீழே வெறும் எலும்பாக இருந்தது.

சுடுகாட்டிலும் சிலர் என் கையைப் பிடித்து, "உன் ரத்தம்தான்பா அவனுக்கு" என்றார்கள். பாராட்டத்தான் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அடையாள அட்டையை அண்ணி என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது, "கால அமுக்கி வுடு" என்ற அந்தக் குரலை மட்டும்தான். ரத்தம் என்னுடையதாக இருக்கலாம். வலி அவருடையது. அதை அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.