நாற்பத்தொரு பாட்டில் தக்காளி

லாரி டிரைவரின் மனைவிக்கு அந்தத் தெருவில் ‘மூக்கு அக்கா’ என்று பெயர். பெயருக்கேற்ற மூக்கெல்லாம் இல்லை, சப்பை மூக்குதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பால் திரியப்போவதை இங்கிருந்தே சொல்லிவிடுவாள் என்று பேச்சு. எண்ணெய் சிக்கடித்துவிட்டதா, மாவு கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் பெண்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். முகர்ந்து பார்த்து, “ரெண்டு நாள் தாங்கும்” என்பாள், அல்லது “கொட்டிடு” என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

வீட்டுக்குப் பின்னால் கையகல நிலம். ஒரு எலுமிச்சை, இரண்டு கொய்யா, ஏழெட்டுப் பாத்தி தக்காளி, வேலியோரம் அவரை. எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டும். அந்த மூன்று மாதமும் சமையற்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. தக்காளியைச் சுண்டக் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பாள். எலுமிச்சையை நாலாகக் கீறி உப்பில் புதைப்பாள். கொய்யாவைச் சர்க்கரை போட்டுக் கிளறுவாள். கடிகாரம் பார்க்கிற வழக்கமே இல்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டி அவரைக்கு நார் உரித்துக்கொண்டிருப்பவள் சட்டென்று எழுந்து அணைப்பாள். பதம் சரியாக இருக்கும். பிள்ளை இல்லாத வீடு, இரண்டு பேர் எவ்வளவு சாப்பிட முடியும்? முக்கால்வாசி தெருவுக்கும் உறவுக்கும் போய்விடும்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தே கிடந்தாள். எழுந்து உட்கார்ந்த அன்று புருஷன் காபி கொண்டுவந்து கொடுத்தான்.

“தூள் போடலையா?”

“ரெண்டு கரண்டி போட்டேனே.”

சோப்பை எடுத்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது. “திரும்ப வரலாம்மா, வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது அவள் புருஷனிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மூக்கு அக்காவுக்கு மூக்கே போயிடுச்சுன்னு சிரிப்பாங்க.”

தக்காளிக்கு அவள் மூக்கு போனது தெரியாது. அந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. கண்ணையும் கைப்பழக்கத்தையும் நம்பிக் காய்ச்சினாள். ஒரு நாள் உடம்பு தள்ளாமல், காய்ச்சிய அண்டாவை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். புழுக்கமான நாள். மறுநாள் மதியம் திறந்தபோது சிவப்பாக, பளபளவென்று, பார்க்க நன்றாகவே இருந்தது. லேசாகச் சுடவைத்துப் பாட்டில்களில் ஊற்றினாள். எல்லாமாகச் சேர்த்து அந்தப் பருவத்துக்கு நாற்பத்தொரு பாட்டில். நாத்தனார் வந்து வழக்கம்போல ஆறு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து நாத்தனார் வீட்டில் மூன்று பேர் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். நாத்தனார், மகன், மருமகள். மருமகளுக்கு அப்போது நாலு மாதம். மூன்று பேரும் பிழைத்து வந்தார்கள், வயிற்றிலிருந்தது தங்கவில்லை. அந்தத் தக்காளியால்தான் என்று அங்கே யாரும் அடித்துச் சொல்லவில்லை. இதனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

பார்க்கப் போனவளை நாத்தனார் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல அண்ணி. உங்க மூக்குக்குத் தெரியாமலா போச்சு?”

அவள் உள்ளதைச் சொன்னாள்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சரி, போயிட்டு வாங்க” என்றாள் நாத்தனார். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஆனால் தெருவில் யாரும் அவள் காதுபடப் பேசவில்லை; அதுதான் கொடுமை. கொடுத்த பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திறக்காமலே திரும்பி வந்தன. “வைக்க இடமில்லக்கா.” “அவருக்குப் புளிப்பு ஒத்துக்கல.” சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். பாத்திரத்தோடு வருகிறவர்கள் நின்றுபோனார்கள்.

“நான் ருசி பார்த்துச் சொல்றேன், நீ போடு” என்றான் புருஷன். எதை நீட்டினாலும் நாக்கில் வைத்து, “நல்லாருக்கு” என்றான். அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கிண்ணம் கொய்யாப் பாகை ஜன்னலில் திறந்தபடி வைத்தாள். ஐந்தாம் நாள் மேலே வெள்ளையாகப் படர்ந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு ஒரு கரண்டி நீட்டினாள். வாயில் போட்டவன் கண் ஒரு கணம் சுருங்கியது. விழுங்கினான்.

“நல்லாருக்கு.”

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். “பூசணம் பிடிச்சது. அஞ்சு நாளா வெளிய கிடந்தது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நீ கேட்டா வேற என்ன சொல்றது?”

“எனக்கு மூக்குதான் வேணும். ஆறுதல் வேணாம்.”

அந்த வாரமே அலமாரியைக் காலி செய்தாள். கொய்யா மரத்தடியில் அவன் இடுப்பளவு குழி வெட்டினான். தக்காளி, எலுமிச்சை, பாகு எல்லாவற்றையும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து கொட்டினாள். முக்கால்வாசி நன்றாகத்தான் இருந்திருக்கும். எது என்று அவளுக்குத் தெரியாது. அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஈ மொய்த்த பிறகு மண்ணைத் தள்ளினான்.

அடுத்த வருஷம் தக்காளி பழுத்தபோது கூடையில் போட்டு வாசலில் வைத்தாள். காய்ச்சாத பழத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும் நின்று கேட்டாள்.

“நானே காய்ச்சி வைக்கலாம்னு பாக்கறேன் அக்கா. எவ்வளவு நேரம் அடுப்புல இருக்கணும்?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். முப்பது வருஷம் காய்ச்சியிருக்கிறாள். நேரம் மட்டும் தெரியவில்லை. பச்சை வாடை போய் வேறொரு வாசனை வரும், அப்போது இறக்க வேண்டும். அந்த வாசனை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை.

“வேற யாரையாவது கேட்டுக்கோ” என்றாள்.

தையல்காரி முகம் வாடிப் போனாள். சொல்லிக்கொடுக்க மனசில்லை என்று நினைத்திருப்பாள். அதற்கப்புறம் கூடையிலிருந்து எடுப்பதையும் விட்டுவிட்டாள்.

மூன்று வருஷமாகிறது. நாத்தனார் வரவில்லை, மூக்கும் வரவில்லை. பாத்தியில் அவள் எதுவும் நடுவதில்லை, மரங்கள் மட்டும் கேட்காமலே காய்க்கின்றன. வெட்டிவிடச் சொன்னாள். அவன் நாளைக்கு என்கிறான். தினமும் காலையில் விழுந்து கிடக்கும் எலுமிச்சைகளைக் கூட்டி வேலியோரம் தள்ளுகிறாள். அங்கே குவிந்து அழுகுகின்றன. நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து சொன்னார்கள்.