எண்ணெய்க்குள் ஓடும் பெல்ட்

என் கணவர் கிள்ளானில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் பிரிக்ஃபீல்ட்ஸில், பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் எஞ்சினைப் பிரித்து நான் பார்த்ததில்லை. நான் வாசித்து அவர் கேட்டதில்லை. மாலையில் வீட்டில் சந்தித்துக்கொள்வோம், அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுதான் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, "பசியாறியாச்சா?" என்பதோடு நின்றுபோயிருந்தது.

அந்தக் காரை நான்தான் பிடிவாதமாக வாங்கினேன். சுபாங் ஜெயாவில் ஒருவர் விற்றார். சாம்பலும் நீலமும் கலந்த நிறம், மூன்று சிலிண்டர் எஞ்சின். முடுக்கிவிட்டால், ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். அத்தனை அமைதி. நாள் முழுக்கச் சத்தம் புகாத அறையில் என் குரலை நானே கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு அந்த அமைதி போதுமானதாக இருந்தது.

அவர் மட்டும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"காடி நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ள ஓடும் மா. எனக்குப் பிடிக்கல."

எஞ்சினின் அடியில் சுழலும் தண்டையும் மேலே சுழலும் இரண்டு தண்டுகளையும் ஒரே தாளத்தில் கட்டி வைப்பது அந்தப் பெல்ட்தான் என்று அப்போது விளக்கினார். மற்ற கார்களில் அது எஞ்சினுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், ஈரம் படாமல் ஓடும். பழசானால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். இதில் அதை உள்ளே வைத்து, சூடான எண்ணெயில் நனைந்தபடி ஓட விட்டிருக்கிறார்கள். சத்தம் குறைவு, பெட்ரோலும் மிச்சம். மாற்றுவதென்றால் எஞ்சினையே திறக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன். நான்கு வருடம் அது நன்றாகவே ஓடியது. எண்ணெய் மாற்றுவதெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகையில், கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலத்தைத் தாண்டும்போது சிவப்பாக ஒரு விளக்கு கண் சிமிட்டியது. எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட விளக்கு. அணைந்தது, மறுபடி எரிந்தது. முன்னால் ஜாம். பிரேக்கை மிதித்தேன். மிதி கல்லாக இருந்தது. இரண்டு காலையும் வைத்து அழுத்தித்தான் காரை ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினை அணைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே லோரிகளும் பஸ்களும் உருவம் கலைந்து நிறங்களாகப் போய்க்கொண்டிருந்தன. அவருக்குப் போன் செய்தேன். 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிப்பார், என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். இழுக்கும் லோரியோடு வந்தவர், நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டது ஒன்றுதான்.

"அடி ஒண்ணும் படலயே?"

ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அந்தச் சின்னத் துளைக்குள், மஞ்சள் வெளிச்சத்தில், பெல்ட்டின் முதுகு தெரிந்தது. தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் உப்பி, ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது.

"இது டக்னு அறுந்துபோனா தெரிஞ்சிடும். ஆனா இது அப்படி அறுந்துபோகாது. தூள்தூளா உதிரும். அந்தத் தூள் போயி எண்ணெய் உறிஞ்சுற வலையை அடைச்சிடும். பிரேக்குக்கு உதவுற பம்ப்புக்கும் அதே எண்ணெய்தான். அதான் மிதி கல்லாப் போச்சு."

பூச்சோங்கிலும் ஷா ஆலத்திலும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர்கள் இருவரைக் கேட்டார். ஸ்பீக்கரில் ஒருவர் குரல் எனக்கும் கேட்டது. "அண்ணே, அதைத் தொடாதீங்க லா. பெல்ட்டுல ஒரு பல்லு தப்பினா வால்வு எல்லாம் போயிடும். வேற எஞ்சின் வாங்கிப் போட்டுடுங்க." அவர் போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அன்று மாலையே பெல்ட்டும், தண்டுகள் அசையாமல் பூட்டி வைக்கும் பின்கள் அடங்கிய பெட்டியும் வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

முதலில் வந்த பெட்டி வேறு எஞ்சினுக்கானது. திருப்பி அனுப்பி அடுத்தது வரும்வரை நான் கிள்ளானிலிருந்து ரயிலில் வேலைக்குப் போனேன். காரில் போகும்போது என் கண்ணில் படாத ஊர் ஒன்று அந்த ஜன்னலில் இருந்தது. வீடுகளின் பின்பக்கம், கொடியில் காயும் பள்ளிச் சட்டைகள், வாழை மரங்களுக்கு நடுவே கொட்டிக் கிடக்கும் டயர்கள், பெயர் தெரியாத ஓர் ஓடை. வண்டியின் ஆட்டத்தில் தூக்கமும் விழிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முந்தின நாள் வாசித்த வரிகள் தாமாக உதட்டில் வந்து போகும். கண்ணைத் திறந்தால் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்திருப்பேன். அந்த நாட்கள் எத்தனை என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரே நீண்ட காலையாகத்தான் நினைவில் இருக்கிறது.

சரியான பெட்டி வந்த வாரம், சனிக்கிழமை மாலை, அவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"பெல்ட் மாத்துற வேலைமுறை எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. நூறு பக்கத்துக்கு மேல. கையெல்லாம் எண்ணெய், நான் எங்க பக்கத்தைத் திருப்புறது? நீ வாசிச்சா நான் செஞ்சிடுவேன்."

ஆங்கிலத்தில் அவருக்கு அவ்வளவு ஓட்டமில்லை. எஞ்சினைக் காதாலும் விரலாலும் படித்துக்கொண்டவர். அவர் என்னிடம் உதவி கேட்டது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் மூடியிருக்கும். நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் போட்டு, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி. அவர் புருவம் சுருங்கினால் அதையே தமிழில். எண்ணெயை வடித்தார். எஞ்சினைத் தாங்கி நிற்கும் ஒரு பக்கப் பிடியைக் கழற்றினார். 'சுழற்றவும், நிறுத்தவும், சரிபார்க்கவும்' என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. கொஞ்ச நேரத்தில் என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது. ஒலிப்பதிவு அறையில் நான் யாருக்காக வாசிக்கிறேனோ அவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு கை அசைந்தது.

நடுவில் ஒரு குறிப்பு வந்தது. மற்ற வரிகளை வாசித்த அதே தொனியில் அதையும் வாசித்தேன். குறிப்பிட்ட வகை எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும், வேறு எண்ணெய் பெல்ட்டின் ரப்பரை உப்ப வைத்துச் சிதைக்கும் என்று இருந்தது.

ஸ்பானர் சத்தம் நின்றது.

"திரும்ப வாசி."

வாசித்தேன். தமிழிலும் சொன்னேன்.

அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். மூலையில் நின்ற பெரிய எண்ணெய் டிரம்மைப் பார்த்தார். எல்லா கார்களுக்கும் அதிலிருந்துதான் ஊற்றுவார். நல்ல எண்ணெய்தான். ஆனால் இதற்கு ஆகாத எண்ணெய்.

"நாலு வருஷமா நான்தான் ஊத்தினேன்," என்றார். "நீ ரோட்டுல பிரேக் பிடிக்காம நின்னது என்னாலதான்."

காரை வாங்கியது என் தப்பு என்று அத்தனை நாளும் உள்ளுக்குள் குறுகிக் கிடந்தேன். அது இறங்கிப்போனதில் ஒரு நிம்மதி வந்தது உண்மை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த நிம்மதி எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

"ஒண்ணும் ஆகலயே. அடுத்த வரி வாசிக்கவா?" என்றேன்.

தலையாட்டிவிட்டு மறுபடி காருக்கு அடியில் நுழைந்தார்.

எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும் அந்த வலையைக் காட்டினார். டீ வடிகட்டியில் தூள் தங்குவதுபோல் கறுப்பு ரப்பர் துகள்கள் அப்பியிருந்தன. அதை வெகுநேரம் கழுவினார். கழுவியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கழுவினார். அடித்தண்டின் முனையில் இருக்கும் பெரிய கப்பிச் சக்கரத்தைக் கழற்றும்போது அதன் உள்பக்கத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். வழவழவென்று இருந்தது.

"மத்த எஞ்சின்ல இங்க ஒரு வெட்டு இருக்கும். கண்ணை மூடிட்டு மாட்டினாலும் சரியா உட்காரும். இதுல ஒண்ணும் இல்ல. போல்ட்டோட இறுக்கம் மட்டும்தான் பிடிச்சு வச்சிருக்கு. லூஸ் பண்ணின உடனே எல்லாம் அந்தரத்துல."

அதனால்தான் அந்தப் பின்கள். அடித்தண்டுக்கு ஒன்று, மேலே இருக்கும் இரண்டு தண்டுகளுக்கும் பூட்டு. புதுப் பெல்ட்டை மாட்டி, இறுக்கி, பின்களை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பிறகு அதே பின்கள் அதே துளைகளில் இறங்க வேண்டும். இறங்கினால் சரி.

இறங்கவில்லை. மேலே ஒரு பின், துளையின் விளிம்பில் முட்டி நின்றது. ஒரு மயிரிழை. அவர் அதைத் தட்டவில்லை, திருகவில்லை. எடுத்துத் துணியில் துடைத்து வைத்துவிட்டு மறுபடியும் முழுக்கக் கழற்றினார். நான் அதே பக்கங்களை மறுபடி வாசித்தேன். இரண்டாவது தடவையும் அது முட்டியது.

"இறுக்கும்போது அடித்தண்டு கொஞ்சம் ஓடுது. ஒத்தக் கையால முடியாது," என்றார். "நீ வர்றியா?"

டேப்லெட்டை நாற்காலியில் வைத்தேன். அடித்தண்டு ஓடாமல் பிடித்து நிறுத்த, என்னைவிட நீளமான ஓர் இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்தார்.

"அசையக் கூடாது. கை வலிச்சா சொல்லு, விட்டுடாதே."

அவர் இறுக்க இறுக்க அந்தக் கம்பி என் உள்ளங்கைக்குள் உயிரோடு திமிறியது. தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றேன். அடுத்த வரி எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னேன். அவர் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பின்னை வைத்து விரலால் லேசாகத் தள்ளினார். சத்தமே இல்லாமல் இறங்கியது. அவர் அதை வெளியே எடுத்து, இன்னொரு முறை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டார்.

எஞ்சினின் முன்மூடியைச் சுற்றிப் பசையை எங்கும் அறுபடாத ஒரே கோடாகப் போட்டு, அது காய்வதற்குள் மூடியை மாட்ட வேண்டும். அதையும் செய்து முடித்தார். பசை இறுகும்வரை எண்ணெய் ஊற்றக் கூடாது. இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கிவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டோம். மத்தியானம் தகரக் கூரையில் மழை இறங்கியது. அட்டைப் பெட்டிகளை விரித்துக் காருக்குப் பக்கத்தில் படுத்தேன்.

"ஆபீஸ்ல என்ன வாசிப்பே?" என்று கேட்டார்.

அந்த வாரம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தது ஒரு பள்ளிப் புவியியல் புத்தகம். ஆறு கடலில் சேரும் இடத்தைப் பற்றிய பாடம் நினைவிலிருந்தது. வாசிக்கிற குரலில் சொன்னேன். நன்னீரும் உப்புநீரும் உடனே கலந்துவிடுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கொஞ்ச தூரம் போகும் என்று. எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஒரு பெரிய மஞ்சள் ஆற்றின் மேல் நான் மிதந்துபோய்க்கொண்டிருந்தேன். அடியில் ஏதோ பல் பல்லாக, இதமாக, சுழன்றுகொண்டே இருந்தது. விழித்தபோது மழை நின்று, என் மேல் அவருடைய பழைய ஜாக்கெட் கிடந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, டேப்லெட்டை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, விரலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மாலையில், வேலைமுறையில் எது எழுதியிருந்ததோ அந்த எண்ணெயையே வாங்கிவந்து ஊற்றினார். எண்ணெய் எங்கும் பரவட்டும் என்று, முதலில் பெட்ரோல் போகாமல் தடுத்து, எஞ்சினை வெறுமனே சுழல விட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு சாவியைத் திருப்பினார். சில நொடிகள் கடகடவென்ற சத்தம். நான் ஓரடி முன்னால் வந்தேன். அவர் கையைத் தூக்கிப் பொறு என்றார். சத்தம் தேய்ந்து, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போனது.

"ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுது லா," என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

காப்பார் ரோடு வரை அவரே ஓட்டிப் பார்த்தார். காலி இடமாகப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பிரேக்கைச் சோதித்தார். திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். மறுநாள் நண்பர்களுக்குப் போன் செய்து, இந்த மாதிரி எஞ்சின் வந்தால் முதலில் எண்ணெய் எது என்று பாருங்கள், நான் பார்க்காமல் ஊற்றிவிட்டேன் என்று அவரே சொல்லப்போகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மற்றவர்களிடம் தன் தப்பைச் சொல்லி நான் கேட்டிராத மனுஷன்.

வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் கடை விளக்குகள் நீளமாக விழுந்து கிடந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. வேறு யார் ஓட்டினாலும் கண்ணை மூடாதவர்.

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. நான் திருப்பாமல் நேராகப் போனேன். இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.