பூட்டியது நான், திறப்பு குணத்திடம்

இன்று துறைமுகத்தடி அலுவலகத்தில் எங்களுக்குக் குறியாக்க வகுப்பு. பக்கத்துக் கதிரைக்காரரின் பொதுத் திறப்பால், அதாவது 'பப்ளிக் கீ'யால், ஒரு கோப்பைப் பூட்டி, மூலத்தை அழித்துவிட வேண்டும். அதுதான் பயிற்சி.

என் பக்கத்தில் குணம். எனக்கு வரவேண்டிய பதவி போன மாதம் இவருக்குப் போனது. அதற்கு முன்பும் ஒன்பது வருடமாக நாங்கள் கதைப்பதில்லை.

என் பென்டிரைவில் இருந்தது ஒரேயொரு கோப்பு: அந்த நியமனத்துக்கு எதிரான என் மேன்முறையீடு. நாளை கடைசி நாள். சொன்னபடியே பூட்டினேன், மூலத்தை அழித்தேன். பிறகுதான் திறக்கப் பார்த்தேன்.

படிப்பிக்க வந்த பிள்ளை சிரிக்காமல் சொன்னாள்: "சேர், பூட்டினது நீங்கள்தான். ஆனா உங்களாலயும் திறக்க ஏலாது. அவற்ற தனித் திறப்பு வேணும்."

"வேற வழி?"

"வேற வழி இருந்தா அது பூட்டே இல்லை, சேர்."

குணம் திரும்பினார். "என்ன ஐசே, எனக்கெண்டு பூட்டின கடிதமோ? அனுப்பும், திறந்து வாசிச்சுச் சொல்லுறன்."

வீட்டில் வெற்றுத்தாளோடு இருக்கிறேன். மேன்முறையீட்டின் பதினான்கு பக்கத்தில் நினைவுக்கு வருவது அவரைத் திட்டிய இடங்கள் மட்டும். ஆதாரம் ஒன்றும் வரவில்லை.

பூட்டிய கோப்பை அவருக்கே அனுப்பட்டுமா? குணம் இங்கே முகநூலில் என் நட்பில் இல்லை. அவருடைய மனைவி இருக்கிறார். அவரும் தன் கருத்தைச் சொல்லலாம்.