இடது மூலையில் ஆள் இல்லை

அன்செல்மோ பெகேரோ பேஸ்பால் ஆடுகளத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதை பாராவோனாவில் ஒருவரும் பார்த்ததில்லை. இரண்டாம் தளத்துக்குப் பக்கத்தில் முழங்காலை வளைத்து, கையுறை தரையை உரச, பந்து எறிகிறவனிடம், மட்டைக்காரனிடம், நடுவரிடம், யாரும் கிடைக்காவிட்டால் காற்றிடம் பேசிக்கொண்டே இருப்பார். எதிரணி ஆள் ஓடிவந்து அவருடைய தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், "வாய்யா வா, அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா?" என்று அக்கறையாக விசாரிப்பார். பதில் சொல்லும் சுவாரசியத்தில் அவன் தளத்தை விட்டு ஓரடி நகர்ந்தால் தொலைந்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பந்து அவர் கைக்கு வந்து, அவன் முதுகைத் தொட்டிருக்கும். அவுட். ஊரே அவரைச் சிள்வண்டு என்றுதான் கூப்பிட்டது.

கரும்பு வெட்டுகிறவரின் மகன். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்க அணி கையெழுத்து வாங்கி அழைத்துப் போனது. பதினோரு வருஷம் அங்கே கீழ்மட்ட லீக்குகளில் ஆடினார். குளிரில் விறைத்த கையோடு பஸ்ஸில் உறங்கி, பெயர் வாயில் நுழையாத ஊர்களில் பந்து பிடித்தார். ஆனால் அக்டோபர் பிறந்தால் மனுஷன் பாராவோனாவில் இருப்பார். குளிர்கால லீக். கொக்குகள் அணியின் பச்சைச் சட்டை. மேளமும் ஊதுகுழலும் காதைக் கிழிக்கிற, தெரிந்த முகங்கள் பெயர் சொல்லித் திட்டுகிற அந்த மைதானம்தான் அவருக்கு நிஜமான ஆட்டம்.

இருபத்தொன்பதாவது வயதில், இனி வராது என்று எல்லோரும் நினைத்த அழைப்பு வந்தது. அமெரிக்காவின் மேல்மட்ட லீக்கில் ஒரு வீரருக்குக் கை உடைந்து, பத்தொன்பது நாளைக்கு ஆள் தேவைப்பட்டது. முதல் ஆட்டத்தில் அவர் பெயரை அறிவித்தபோது, பாராவோனா சந்தைக்குப் பின்தெருவில் இருந்த மிரேயாவின் அழகுநிலையத்தில் வானொலி அலறியது. மிரேயா அவர் மனைவி. முடியில் சுருட்டுக் குழாயோடு உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் அப்படியே தெருவுக்கு ஓடி, போகிற மோட்டார்சைக்கிள்களை எல்லாம் மறித்து நிறுத்தி, "சிள்வண்டு மேல ஏறிட்டான்டா!" என்று கத்தினார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் மூன்றே மூன்று முறைதான் மட்டையில் பந்து சரியாக மாட்டியது. ஆனால் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. கையுறைக்குள் வந்த பந்து எதுவும் நழுவிப் போகவில்லை.

முப்பத்து மூன்றாவது வயதில், பாராவோனாவில், ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்கப் பார்த்தபோது, சறுக்கி வந்தவனின் கால் அவர் முழங்காலில் பாய்ந்தது. விழுந்துகொண்டே முதல் தளத்துக்கு எறிந்தார். தூக்குப்படுக்கையில் வைத்தபோது டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவுட்டா?"

"அவுட்தான் அண்ணே."

"அப்ப சரி. இப்ப வலிக்கட்டும்."

ஆட்டம் அதோடு முடிந்தது. கொக்குகள் அணி அவரை உள்களப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. தினமும் காலையில் ஒரு வாளி பந்தோடு வந்து, தரையோடு தரையாக முந்நூறு பந்து அடிப்பார். வளர்ந்த ஆண்கள், லீக்கில் பேர் எடுத்தவர்கள், நாக்கு தள்ள அவற்றைப் பொறுக்குவார்கள். பிறகு ஆட்டத்தின்போது மூன்றாம் தளத்தருகே நின்று, தொட்டால் ரன் கிடைக்கிற வீட்டுத் தளத்துக்கு ஓடலாமா வேண்டாமா என்று கைகாட்டும் வேலையும் வந்தது. ஒரு ஜனவரியில், அரையிறுதியில், தலைநகர அணிக்கு எதிராக, "ஓடு ஓடு!" என்று காற்றாடி மாதிரி கையைச் சுழற்றி ஓர் ஆளை அனுப்பினார். அவன் மூன்று எட்டு தள்ளி இருக்கும்போதே பந்து வந்துவிட்டது. சீசன் காலி. அடுத்த ஒரு மாதம் வாழைக்காய்க் கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை, அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் கையைச் சுழற்றிக் காட்டினார்கள். அவரும் சளைக்காமல் திருப்பிச் சுழற்றினார்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. பத்தாவது வருஷம் டிசம்பரில், அமெரிக்காவிலிருந்து தருவித்த மேனேஜர் வரிசையாக எட்டு ஆட்டம் தோற்றார். ஒன்பதாவது நாள் அவர் விமான நிலையத்தில் இருந்தார். அன்று காலை, மிரேயாவின் கடையில் முடி உலர்த்தும் இயந்திரத்தின் வயரை அன்செல்மோ ஒட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. கொக்குகளின் முதலாளி, ஐஸ் ஆலை வைத்திருக்கும் எவாரிஸ்தோ.

"பெகேரோ, அணியை நீ கொஞ்சம் பாத்துக்க. புது ஆள் கிடைக்கிற வரைக்கும்."

"எத்தனை நாளைக்கு ஐயா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்னு வையேன்."

போனை வைத்ததும் மிரேயா கையில் சீப்போடு கேட்டாள். "யாரு?"

"என்னை மேனேஜர் ஆக்கிட்டாங்க."

"யோவ், இந்த ஊர்ல மேனேஜர் வேலைங்கிறது அந்தாளு ஆலையில விக்கிற ஐஸ் கட்டி மாதிரி. கையில வாங்கின நிமிஷமே உருக ஆரம்பிச்சிடும். சந்தோஷமா போய்ட்டு வா. ஆனா அந்த வயரை ஒட்டிட்டுப் போ."

பகல் பன்னிரண்டு மணிக்கு அணியைக் கூட்டினார். எட்டுத் தோல்வியில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள்.

"என்னடா இது, எழவு வீடா?" என்றார். "இன்னைலேருந்து ஒரு சட்டம். களத்துல நிக்கிறவன் பேசணும். பந்து யாருக்கு, யார் எங்க எறியணும், கத்திச் சொல்லணும். ஒரு இன்னிங்ஸ் முழுக்க வாயத் திறக்காதவன் எல்லார் பையையும் பஸ்ஸுக்குச் சுமக்கணும்."

"அண்ணே, எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் நாலே வார்த்தை," என்றான் இங்கிலீஷில், முதல் தளத்தில் ஆடும் அமெரிக்கன் கிரெய்க்.

"நாலும் கெட்ட வார்த்தைதானே? போதும். அதையே கத்து."

முதல் நாள் பையைச் சுமந்தது கிரெய்க். இரண்டாம் நாளிலிருந்து அந்த நாலு வார்த்தையும் தலைநகர் வரை கேட்டன. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. கொக்குகள் ஏழில் ஆறு ஜெயித்திருந்தார்கள். புது ஆள் தேடுவதைப் பற்றி எவாரிஸ்தோ பேச்சே எடுக்கவில்லை.

எல்லாம் சேர்ந்து கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. ஞாயிறு மாலை நாலு மணி, தலைநகர அணியின் மைதானம். ஜெயிப்பவர்கள் அடுத்த சுற்றுக்கு. தோற்பவர்கள் வீட்டுக்கு. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் அணிக்கு மூன்று ரன். தலைநகர்க்காரர்கள் மட்டை பிடிக்கிறார்கள்; இன்னும் ஒரே ஒரு ரன் எடுத்தால் கதை முடிந்தது.

கொக்குகளின் பந்து எறிபவன் ஓதாலிஸ் ஃபெலிஸ், உள்ளூர்ப் பையன், வயது இருபத்தாறு. முதல் ஆள் அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தில் நின்றான். இரண்டாவது ஆளுக்கு ஓதாலிஸின் பந்துகள் தாறுமாறாகப் போக, விதிப்படி அவன் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போனான். மூன்றாவது ஆள் மெல்லத் தட்டிவிட்ட பந்தை எடுக்கப்போன ஓதாலிஸ் அதை உதைத்துத் தள்ளினான். மூன்று தளத்திலும் ஆள். ஒருவனும் அவுட் இல்லை. அடுத்து வந்தவன் அந்த லீக்கிலேயே பலமாக அடிக்கிற மட்டைக்காரன். முப்பதாயிரம் பேர் எழுந்து நின்று குதித்ததில் பெஞ்சுக்கு அடியில் தரை அதிர்ந்ததை அன்செல்மோவின் கெட்ட முழங்கால் உணர்ந்தது. பயமில்லை. இரண்டாம் தளத்தில் நிற்கும்போது வருமே, அதே துடிப்பு.

கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். நொண்டியபடி நடுவே போய், வெளிப்புலத்தின் இடது மூலையில் நின்ற வில்கினைப் பார்த்து விசிலடித்தார். "இங்க வா! உள்ள வா!"

வில்கின் ஓடிவந்தான். "என்னண்ணே?"

"ரெண்டாம் தளத்துக்கும் மூணாம் தளத்துக்கும் நடுவுல, இந்தா, இந்த எடத்துல நில்லு. மத்தவங்க நாலு பேரும் முன்னால வாங்க."

"அப்ப இடது மூலையில?"

"புல்லு நிக்கும்."

"அண்ணே!"

"யோசிடா. அவன் தூக்கி அடிச்சான்னு வை. நீ அங்க கேட்ச் புடிச்சாலும் மூணாம் தளத்துல இருக்கிறவன் கிளம்பி வீட்டுக்கு வந்துடுவான். ஆட்டம் முடிஞ்சது. நீ பந்தப் புடிச்சிட்டு அங்கேயே நின்னு அழ வேண்டியதுதான். தரையில அடிச்சா மட்டும்தான் நமக்குப் பிழைப்பு. தரைக்கு அஞ்சு பேர் வேணும்."

பிறகு ஓதாலிஸின் தோளைப் பிடித்தார். "முழங்காலுக்குக் கீழ எறி. அதுக்கு மேல எறிஞ்சா உங்க வீட்டுக்கு நானே வந்து உங்கம்மாகிட்ட சொல்லுவேன்."

ஓதாலிஸ் சிரித்துவிட்டான். அன்செல்மோவுக்கு வேண்டியது அதுதான்.

பாராவோனாவில் அப்போது நடந்ததை மிரேயா பிறகு சொன்னாள். வானொலிக்காரன், "இடது மூலையில் ஆள் இல்லை! ஐயோ, ஆளே இல்லை!" என்று அலறியிருக்கிறான். மிரேயா திருமதி கார்மினியாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள், "என் புருஷனுக்குப் பைத்தியம் முத்திடுச்சு! நாளைக்கு எப்படிச் சந்தைக்குப் போவேன்!" என்று சாயக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பந்து தாழ்வாக வந்தது, மட்டைக்காரன் தொடவில்லை. இரண்டாவது அதைவிடத் தாழ்வு. அடித்தான். பந்து தரையில் ஒரு முறை மோதி, சீறிக்கொண்டு, நேராக வில்கினிடம் வந்தது. மற்ற நாளென்றால் அந்த இடத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வில்கின் நெஞ்சால் அதைத் தடுத்து, பொறுக்கி, வீட்டுத் தளத்துக்கு விட்டெறிந்தான். அங்கே அவுட். கேட்சர் அதை முதல் தளத்துக்கு எறிந்தான். கிரெய்க் உடம்பை முழுசாக நீட்டிப் பிடித்தான். இங்கேயும் அவுட்! தன் நாலு வார்த்தையையும் ஒரே மூச்சில் கத்தினான்.

அன்செல்மோ குதிக்கவில்லை. "வில்கின்! ஓடு! பழைய எடத்துக்கு ஓடுடா!" என்று கத்தினார். இரண்டு பேர் அவுட்டான பிறகு கதையே வேறு. இப்போது தூக்கி அடித்ததைப் பிடித்தாலே இன்னிங்ஸ் முடிந்துவிடும். வில்கின் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். அடுத்தவன் முதல் பந்தையே உயர அடித்தான். எங்கே? இடது மூலைக்கு. வில்கின் திரும்பி மதிலைப் பார்த்து ஓடி, ஓடி, மதிலில் தோள் மோதி, கீழே விழுந்தான். படுத்தபடியே கையுறையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே பந்து.

பத்தாவது இன்னிங்ஸில் கொக்குகளின் கேட்சர் வலது பக்கம் ஒன்றை விளாசி ஒரு ரன் கொண்டுவந்தான். ஓதாலிஸ் அடுத்தடுத்து மூன்று பேரை வீழ்த்தினான். நாற்பத்து மூன்று வயதுக்காரர் அன்செல்மோ, ஒரே ஒரு நல்ல முழங்காலோடு, தன் ஆட்களின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தார். எவாரிஸ்தோ ஓடிவந்து, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. திருமதி கார்மினியாவின் தலை அன்று ஆரஞ்சு நிறமாகிப் போனது. அந்தச் சீசன் முடியும்வரை அவர் அதை மாற்ற விடவில்லை.

ஏழு ஆட்ட இறுதித் தொடரில் கொக்குகள் தோற்றார்கள், ஏழாவது ஆட்டத்தில், ஒரே ரன்னில். அன்செல்மோ இரண்டு நாள் மிரேயாவிடம்கூடப் பேசவில்லை. அவள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். அடுத்த இரண்டு வருஷம் மேனேஜர் பதவி அவரிடமே இருந்தது. மூன்றாவது வருஷம் நவம்பரில் ஆறு ஆட்டம் தோற்றதும், அவர் வீட்டில் வாழைக்காய் மசியலும் பொரித்த பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எவாரிஸ்தோ போன் செய்தார். "பெகேரோ, மனசுல வச்சுக்காதே."

"இல்ல ஐயா. சாப்பிட்டு முடிச்சிக்கிறேன்."

ஐந்தாம் நாள் அதே லீக்கின் சான் ஹுவான் அணி கூப்பிட்டது. பதினைந்தாம் நாள் அந்த அணியோடு அவர் பாராவோனாவுக்கே ஆட வந்தார், சிவப்புச் சட்டையில். பெஞ்சிலிருந்து தலையை வெளியே நீட்டினாரோ இல்லையோ, மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது. பாதிப்பேர் கைதட்டினார்கள். பாதிப்பேர் கேவலமாகத் திட்டினார்கள். நிறையப் பேர் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். முன்வரிசையில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஊதுகுழலைத் தூக்கிப் பிடித்து, எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தவள் மிரேயா.

"என்னடி இது?" என்றார் அன்செல்மோ கம்பி வலைக்கு அருகே போய்.

"நான் பாராவோனாக்காரி. நீ இன்னைக்கு எதிராளி. போ, போய்த் தோத்துட்டு வீட்டுக்கு வா. சோறு வச்சிருக்கேன்."

வாய்விட்டுச் சிரித்தபடி அவர் திரும்பினார். நடுவர் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் கை காட்டினார்.