மகேசன் அண்ணையின் கட்டுரையில் நான் வெட்டிய பாதி

செய்தி அவருடைய கைபேசியிலிருந்தே வந்தது. மகேசன் அண்ணை வழக்கம்போல இன்னுமோர் இத்தாலிய ஓவியம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, சாப்பிட்டு முடியும்வரை நான் திறந்தும் பார்க்கவில்லை. அப்பா காலையில் போய்விட்டார் என்று மகள் எழுதியிருந்தாள்.

லண்டன் கிங்ஸ்பரியில் அவரை அறியாதவர்கள் குறைவு. நான் தபால் நிலையத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று இருபது வருடம் கடிதம் பிரித்தவன். தேநீர் இடைவேளையில் நாங்கள் கிரிக்கெட் பேசுவோம். அவர் நூலகப் புத்தகத்தை விரித்துவைத்து, இத்தாலியருக்கு மட்டும் ஏன் அப்படியொரு மறுமலர்ச்சி வந்தது என்று கேட்பார். "அண்ணை, உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்போம். "ஓமடாப்பா, இல்லை. அதுதான் கேக்கிறன்," என்று சிரிப்பார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுமலருக்கு நான் ஆசிரியன். அந்தக் கேள்வியைப் பற்றியே அவரை எழுதச் சொன்னேன். ஆறு தாள் தந்தார். துருக்கியருக்கு அஞ்சி கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஓடிவந்த கிரேக்க அறிஞர்கள் பழைய நூல்களைச் சுமந்துவந்தார்கள், அந்த அகதிகளால்தான் மறுமலர்ச்சி பிறந்தது என்று பலர் சொல்வார்கள் என முதல் மூன்று தாளில் இருந்தது. அடுத்த மூன்றில் அதைப் பொறுமையாக மறுத்திருந்தார். அவர்கள் வருவதற்கு நூறு வருடம் முன்பே இத்தாலியர் மடாலயங்களில் பழைய ஏடுகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். கிரேக்கம் படிப்பிக்க ஆள் கேட்டு அழைத்தவர்களும் இத்தாலியரே.

இடமில்லை என்று பின்பாதியை வெட்டினேன். "பலர் சொல்வார்கள்" என்பதையும் தூக்கிவிட்டு, "அகதிகளால் பிறந்தது மறுமலர்ச்சி" என்று தலைப்புப் போட்டேன். அகதியாய் வந்த எங்கள் சனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! விழாவில் கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அண்ணை மேடையில் தலைகுனிந்து நின்றார்.

வெளியே வந்ததும், "தம்பி, பொய்யில எங்களுக்குப் பெருமை வேண்டாம். மிச்சத்தையும் போட்டுவிடு," என்றார். "ஓம் அண்ணை, அடுத்த மலரில போடுறன்." போடவில்லை. அதற்கடுத்ததிலும் போடவில்லை. ஒவ்வொரு முறையும் கோபப்படாமல்தான் கேட்டார். ஒருநாள் ஏசியிருந்தால் போட்டிருப்பேன்.

இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுமலர் அச்சிடுவது எங்கள் வழக்கம். அண்ணையின் மனைவி அந்த வேலையை என்னிடமே தந்தார். "அவரின்ர படத்துக்குக் கீழ அந்தத் தலைப்பு வசனத்தைப் போடுங்கோ தம்பி. அண்டைக்குச் சனம் கைதட்டினதை நினைச்சால்தான் எனக்கு ஆறுதல்." அழுதழுது வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்ல? "ஓம் அக்கா" என்றேன். சொன்னபடியே போட்டேன்.

அந்தக் கல்வெட்டு உங்கள் கைகளுக்கும் வந்திருக்கும். படத்துக்குக் கீழே இருப்பது அவர் எழுதியதல்ல, நான் செய்தது. அவர் எழுதி நான் வெட்டிய மூன்று தாள், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அடுத்த மலரில் முழுதாக வரும், அவர் பார்க்கமாட்டார்.

அக்கா, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கைதட்டல் அண்ணைக்கு வலித்தது.