“உங்களைத்தான் கேட்டேன் ஆன்ட்டி”

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹைதராபாத் மல்காஜ்கிரிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நடந்தது இது. என் கணவருக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி ஒரு மாணவர் வீட்டுக்கு வந்தார். எல்லாக் கேள்விக்கும் என் கணவரே பதில் சொன்னார். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அவர்தான், “ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றார்! நான் காபி கொடுத்ததோடு சரி.

சில நாள் கழித்து, அதே ஆராய்ச்சிக்காக ஒரு பெண் வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“போன தடவை எல்லா வீட்லயும் அங்கிள்ங்கதான் பேசியிருக்காங்க. லேடீஸ் என்ன சொன்னாங்கன்னு கேட்டு எங்க கைடு மேடம் எங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆன்ட்டிகிட்ட தனியா பேசணும் அங்கிள்” என்றாள்.

“எனக்குத் தெரியாத ரகசியம் இவகிட்ட என்னம்மா இருக்கு?” என்று சிரித்துக்கொண்டே என் கணவர் தயிர் வாங்கக் கிளம்பினார். நல்ல மனிதர்தான். எனக்கும் சேர்த்துப் பேசுவது தன் பொறுப்பு என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள். பேச்சுவாக்கில், “வேலைக்குப் போக இஷ்டமா ஆன்ட்டி?” என்றாள்.

“வீட்டைப் பாத்துக்கிட்டா போதும்னு சொல்வாரு.”

“ஹவ், சரி ஆன்ட்டி, அது அங்கிள் சொல்றது. நான் உங்களைத்தான் கேட்டேன்.”

நான் ஒரே கீரைத்தண்டைத் திருப்பித் திருப்பிக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. தன் கையிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

கல்யாணத்துக்கு முன் மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். மார்க்கெட் போகும் வழியில் அதுபோன்ற ஒரு லேப் வாசலில் ‘ஆள் தேவை’ என்று பலகை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் என் நடை தானாகவே மெதுவாகும்.

“எனக்குப் போகணும்மா” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

“டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க ஆன்ட்டி. நீங்க சொன்னதை அங்கிள்கிட்ட சொல்ல மாட்டேன். எங்க ரூல் அது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாவது சொல்லிவிடமாட்டாளா என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது எனக்கு. இனி நான்தான் சொல்லியாக வேண்டும். அதற்குள் அந்த வேலைக்கு வேறு யாரையாவது எடுத்துவிட்டால்?

அவள் போனதும் கணவர் வந்தார். “என்னத்த கேட்டுச்சு அந்தப் பொண்ணு?”

‘சும்மாதான்’ என்று சொல்ல வாயெடுத்தவள், எப்படியோ துணிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தயிர்ப் பாக்கெட்டைக் கையில் வைத்தபடியே அவர் நின்றுவிட்டார். முகத்தில் கோபமில்லை. பாவமாக இருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சரி, இப்பக் கேக்குறேன். சொல்லு” என்றார். அன்று நான் பேசப் பேச, அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த லேபில்தான் வேலை பார்க்கிறேன். அந்தப் பெண் தன் ஆராய்ச்சியில் என்ன எழுதினாளோ, எனக்குத் தெரியாது. ஆனால், என் பதிலை நானே சொல்லட்டும் என்று அவள் பொறுமையாகக் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது.